மடோனாவின் 17 பாட்டு: கால் நூற்றாண்டு கேட்ட பிறகு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் அமெரிக்கப் பாப் பாடகி மடோனாவின் தீவிர ரசிகன் இல்லை. அவருடைய ஆல்பங்களை ஒன்றுவிடாமல் வாங்கி அடுக்கி வைத்தவனும் இல்லை. வெகுகாலம் என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான்: 1990 நவம்பரில் வெளியான 'தி இமாக்குலேட் கலெக்ஷன்' என்ற ஹிட்ஸ் தொகுப்பு. வந்து சில வருடம் கழித்து கேசட்டாக வாங்கினேன். கேசட் இழுபட்டுத் தேய்ந்ததும் சிடி. இப்போது போனில் ஸ்ட்ரீமிங். கால் நூற்றாண்டுக்கு மேல் விட்டு விட்டுக் கேட்டுவருகிறேன். ஹிட்ஸ் தொகுப்பு என்பதே என்னைப் போன்ற அரைகுறை ரசிகனுக்காகப் போடுவதுதானே. அந்த வகையில் விமர்சனம் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஏற்கெனவே வந்த பாட்டு 15, புதுசு 2, மொத்தம் 17. வெளிவந்த வரிசையிலேயே போகும். 1983இன் 'ஹாலிடே'யில் ஆரம்பித்து, 'லைக் எ வர்ஜின்', 'மெட்டீரியல் கேர்ள்', 'பாப்பா டோன்ட் ப்ரீச்', 'லைக் எ ப்ரேயர்' எல்லாவற்றையும் தாண்டி 1990இன் 'வோக்' வரை. கடைசியில் புதுப் பாட்டு இரண்டும். உலகம் முழுக்க 3 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றதாகச் சொல்கிறார்கள். இவ்வளவு விற்ற ஆல்பம் வந்த புதிதில் அமெரிக்க ஆல்பம் பட்டியலில் 2ஆம் இடத்துக்கு மேல் ஏறவில்லை என்பது ஒரு வேடிக்கை.

பாட்டுகளை வருட வரிசையில் வைத்திருப்பதன் அருமை முதல் சில மாதங்களில் தெரியவே இல்லை. பழகப் பழகத்தான் பிடிபட்டது. முதல் மூன்று பாட்டில் குரல் மெலிசாக, கொஞ்சம் கீச்சென்று, பள்ளிக்கூடப் பெண் ஆடிக்கொண்டே பாடுவதுபோல் இருக்கும். நடுவில் 'லிவ் டு டெல்' வரும்போது அதே குரல் கீழே இறங்கியிருக்கும். பாட்டின் பாதியில் தாளம் எல்லாம் நின்று, கிட்டத்தட்ட மௌனமாகி, அப்புறம் குரல் மட்டும் மெல்ல எழுந்து வரும். கேசட் காலத்தில் அந்த இடத்தில் டேப் மாட்டிக்கொண்டதோ என்று இரண்டு முறை எழுந்து போய்ப் பார்த்திருக்கிறேன். ஒரு பாடகி ஏழு வருடத்தில் வளர்ந்ததை 73 நிமிடத்தில் காது வழியாகப் பார்க்க முடிகிறது. பாட்டுகளைக் கலைத்துப் போட்டிருந்தால் இது கிடைத்திருக்காது. 2009இல் வந்த 'செலப்ரேஷன்' தொகுப்பில் அப்படித்தான் கலைத்துப் போட்டார்கள். அதில் பாட்டு அதிகம், ஆனால் இரண்டாவது முறை முழுசாகக் கேட்க எனக்குப் பொறுமை வரவில்லை.

அதற்காகக் கலைத்துப் போடுவதே தப்பு என்று சொல்லவில்லை. ஸ்வீடன் இசைக்குழு அபாவின் 1992 ஹிட்ஸ் தொகுப்பு 'அபா கோல்ட்' 'டான்சிங் க்வீ'னில் தொடங்கி, அவர்களுக்கு முதன்முதலில் பெயர் வாங்கித் தந்த 'வாட்டர்லூ'வில் முடிகிறது. தலைகீழ். ஆனாலும் அது நன்றாகத்தான் இருக்கிறது. அவர்களின் பாட்டு எல்லாம் ஏறக்குறைய ஒரே சாயல், எங்கே வைத்தாலும் உட்கார்ந்துவிடும். மடோனா அப்படி இல்லை, வருடத்துக்கு ஒரு வேஷம்.

சரி, எல்லோரும் சண்டை போடும் விஷயத்துக்கு வருகிறேன். எந்தப் பாட்டை விட்டார்கள்?

'ஹூஸ் தட் கேர்ள்' இல்லை. 1987இல் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் 1ஆம் இடம் பிடித்த பாட்டு. பிரிட்டனில் 1ஆம் இடம் வந்த 'ட்ரூ ப்ளூ'வும் இல்லை. 'டிரெஸ் யூ அப்' இல்லை. ஆனால் அமெரிக்கப் பட்டியலில் 16ஆம் இடத்தோடு நின்றுபோன 'ஹாலிடே' இருக்கிறது, அதுவும் முதல் பாட்டாக. 'இன்டு த குரூவ்' இன்னும் சுவாரசியம். அமெரிக்காவில் அதைத் தனி சிங்கிளாகவே (ஒரு பாட்டை முன்னிறுத்தி விற்கும் தட்டு) விடவில்லை, வேறொரு பாட்டின் தட்டில் மறுபக்கத்தில் போட்டார்கள். அதனால் அன்றைய விதிப்படி பில்போர்டு என்ற அமெரிக்க இசைப் பத்திரிகையின் முதன்மைப் பட்டியலில் அதற்கு இடமே இல்லை. ஆனால் அந்தப் பாட்டு இல்லாத ஒரு மடோனா தொகுப்பை யோசித்துப் பாருங்கள்.

'ஹூஸ் தட் கேர்ள்' விடுபட்டது தெரிந்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. 1ஆம் இடப் பாட்டை விட்டுவிட்டு 16ஆம் இடப் பாட்டை வைப்பதா? ஸ்ட்ரீமிங் வந்ததும் முதல் வேலையாக என் திருத்தப்பட்ட பட்டியலைப் போட்டேன். 'செரிஷ்' போனது, 'ஹூஸ் தட் கேர்ள்' வந்தது, 1987க்கு உரிய இடத்தில், 'லா இஸ்லா பொனீட்டா'வுக்கு அடுத்து. பெரிய அநியாயத்தைச் சரிசெய்துவிட்ட திருப்தி.

மூன்று மாதம் போயிருக்கும். ஒருநாள் கவனித்தேன், அந்தப் பாட்டு ஆரம்பித்ததும் விரல் தானாகத் தாண்டுகிறது. பாட்டு மோசம் இல்லை. தனியாக வந்தால் கேட்கிறேன். ஆனால் 'லா இஸ்லா பொனீட்டா' முடிந்த கையோடு வரும்போது, அதே லத்தீன் சாயல், அதே போல் நடுவில் ஸ்பானிஷ் வரிகள். இரண்டையும் மடோனாவோடு சேர்ந்து எழுதியவர்களில் பேட்ரிக் லெனர்டும் ஒருவர். அக்காவும் தங்கையும் ஒரே உடுப்பில் அடுத்தடுத்து மேடையேறியதுபோல் இருந்தது. இரண்டில் ஒன்றுதான் என்றால் எதை எடுப்பீர்கள்? அமெரிக்காவில் 4ஆம் இடத்தோடு நின்றாலும் 'லா இஸ்லா பொனீட்டா'வைத்தான் நானும் எடுப்பேன். தொகுத்தவர்கள் 1990லேயே அதைத்தான் செய்திருக்கிறார்கள். எனக்குப் புரிய இத்தனை வருடம்.

அன்றிலிருந்து, ஒரு பாட்டு தொகுப்பில் இருக்கலாமா என்று பார்க்க அது எத்தனாவது இடம் பிடித்தது என்று நான் தேடுவதில்லை. அதன் வேலையைப் பக்கத்துப் பாட்டு ஏற்கெனவே செய்கிறதா என்று மட்டும் பார்க்கிறேன். 'ட்ரூ ப்ளூ'வுக்கும் இதே கதைதான். அந்தப் பழைய காலத்துக் காதல் பாட்டு பாணியை 'செரிஷ்' இன்னும் அழகாகச் செய்துவிட்டது. பாவம் 'செரிஷ்', அதைத் தூக்கியதற்கு இப்போது வெட்கப்படுகிறேன். திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.

1ஆம் இடம் என்ற அளவுகோலை அப்படியே பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு பீட்டில்ஸின் '1' உதாரணம். 2000இல் வந்தது, 27 பாட்டு, அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ முதலிடம் வந்தவை மட்டும். விதி சுத்தமானது. ஆனால் ஒரே இசைத்தட்டின் இரண்டு பக்கமாக வந்த 'பென்னி லேன்' உள்ளே, 'ஸ்ட்ராபெர்ரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' வெளியே. கணக்குப்பிள்ளை தேர்ந்தெடுத்ததுபோல் இருக்கிறது. மைக்கேல் ஜாக்சனின் 'நம்பர் ஒன்ஸ்' (2003) இதற்கு எதிர்ப்பக்கம். பெயரில் முதலிடம் என்று இருக்கிறது, உள்ளே 'த்ரில்லர்' இருக்கிறது. அந்தப் பாட்டு அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடத்தைத் தொட்டதே இல்லை. ஆனால் அதை வைக்காமல் விட்டிருந்தால் ஒருவரும் மன்னித்திருக்க மாட்டார்கள். பெயருக்குப் பொய், கேட்பவனுக்கு நியாயம்.

இனி என் உண்மையான புகார். அது பாட்டுத் தேர்வைப் பற்றி இல்லை, பாட்டின் வடிவத்தைப் பற்றி.

அந்தக் காலத்து சிடியில் சுமார் 74 நிமிடம்தான் கொள்ளும். 17 பாட்டையும் முழுநீளத்தில் போட்டால் அடங்காது. அதனால் பலவற்றைக் கத்தரித்தார்கள். 6 நிமிடத்துக்குச் சற்று அதிகமான 'ஹாலிடே' இங்கே 4 நிமிடம். 'பார்டர்லைன்', 'லக்கி ஸ்டார்', 'செரிஷ்' எல்லாவற்றுக்கும் ஒரு நிமிடத்துக்கு மேல் வெட்டு. இது எனக்குப் பல வருடம் தெரியாது. முதல் ஆல்பத்தை ஒருநாள் தற்செயலாகப் போட்டேன். 'ஹாலிடே' வந்தது. 4 நிமிடம் ஆனதும் உடம்பு அடுத்த பாட்டுக்குத் தயாராகிவிட்டது, ஆனால் பாட்டு முடியவில்லை. போய்க்கொண்டே இருக்கிறது. நெடுநாள் குடியிருந்த வீட்டில் இன்னொரு அறை இருப்பதை அன்றைக்குத்தான் பார்த்ததுபோல் இருந்தது.

வெட்டியதோடு நிற்கவும் இல்லை. தயாரிப்பாளர் ஷெப் பெட்டிபோன் உள்ளிட்டோர் பாட்டுகளை ரீமிக்ஸ் செய்தார்கள், அதாவது ஒலிகளை மறுபடி கலந்து அமைத்தார்கள். இரண்டு ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி அறையின் ஓரங்களிலிருந்தும் வருவதுபோல் காட்டும் க்யூசவுண்ட் என்ற நுட்பத்தைப் பயன்படுத்திய ஆரம்பகால ஆல்பங்களில் இதுவும் ஒன்று. ஸ்பீக்கரை நன்றாகத் தள்ளிவைத்து, நட்டநடுவில் உட்கார்ந்தால் வேலை செய்கிறது. தலையைக் கொஞ்சம் திருப்பினால் போச்சு. இயர்போனில் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

ஸ்பீக்கர் விளையாட்டை விடுங்கள். 'லைக் எ ப்ரேயர்', 'எக்ஸ்பிரஸ் யுவர்செல்ஃப்' இரண்டிலும் குரலை வைத்துக்கொண்டு பின்னணியை ஏறக்குறைய மாற்றியே விட்டார்கள். இது எனக்கு உறைத்தது என் மகளால். நான் போட்ட 'லைக் எ ப்ரேய'ரைக் கேட்டுவிட்டு, "அப்பா, இது தப்பான பாட்டுப்பா" என்றாள். தப்பான பாட்டா? நான் எத்தனை வருடமாகக் கேட்கிறேன்! அவள் தன் போனில் 1989 ஆல்பத்தில் வந்த மூலத்தைப் போட்டாள். கிட்டார் சீறிக்கொண்டு ஆரம்பிக்கிறது, சட்டென்று அடங்குகிறது, அப்புறம் தேவாலயத்துக் குழுப்பாடல்போல் விரிகிறது. நான் அதுவரை கேட்டது நடன அரங்குக்காகத் தைத்த சட்டை. மூலம்தான் மேல் என்று அவளிடம் ஒப்புக்கொள்ள ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன்.

ஆகவே புதிதாகக் கேட்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தொகுப்பை முழுசாகக் கேளுங்கள். அந்த இரண்டு பாட்டுக்கு மட்டும் 'லைக் எ ப்ரேயர்' ஆல்பத்துக்குப் போய்விடுங்கள். 'வோக்' பற்றிக் கவலை வேண்டாம், இங்கே கொஞ்சம் நீளமாகவே கிடைக்கிறது.

புதுப் பாட்டு இரண்டைப் பற்றி. எல்லாம் ஏற்கெனவே வைத்திருக்கும் ரசிகனையும் கடைக்கு வரவைக்க, தொகுப்பில் ஒன்றிரண்டு புதுசு சேர்ப்பது நிறுவனங்களின் பழைய வழக்கம். பெரும்பாலும் அவை ஒட்டாது. 'ஜஸ்டிஃபை மை லவ்' விதிவிலக்கு. அதன் வீடியோவை எம்டிவி என்ற இசைச் சேனல் ஒளிபரப்ப மறுத்தது, வீடியோவைத் தனியாகவே கேசட்டில் விற்றார்கள், 1991 ஜனவரியில் பாட்டு அமெரிக்காவில் முதலிடம் போனது. பாடுவதைவிட முணுமுணுப்புதான் அதிகம். வீட்டில் எல்லோரும் இருக்கும்போது போட முடியாத பாட்டு, அதனால் பல வருடம் 15ஆவது பாட்டோடு நிறுத்திவிடுவேன். இப்போது கேட்டால், அடுத்த பத்து வருடத்து மடோனா எந்தப் பக்கம் போகப் போகிறார் என்பது அதில் இருக்கிறது. இருக்கட்டும். 'ரெஸ்க்யூ மீ' மட்டும் எத்தனை முறை கேட்டும் மனதில் தங்கவில்லை. ஐந்தரை நிமிடம் வேறு.

இடையில் ஒரு சின்ன விஷயம். என் சிடியில் 11ஆவது பாட்டில் ஒரு கீறல். இரவல் கொடுத்துத் திரும்பி வந்தபோது வந்தது. 'லா இஸ்லா பொனீட்டா'வில் முதல் நிமிடம் தாண்டியதும் ஒரு சொல் மூன்று முறை திக்கி, அரை வரி தாண்டிக் குதிக்கும். இப்போது போனில் பாட்டு வழுக்கிக்கொண்டு போகிறது. அந்த இடம் வரும்போது மட்டும் இன்னும் நானே மூன்று முறை திக்கிக்கொள்கிறேன்.

என் இப்போதைய பட்டியலில் ஒரே ஒரு மாற்றம்தான். 'ரெஸ்க்யூ மீ' வெளியே, 'ஓ ஃபாதர்' உள்ளே. அமெரிக்காவில் மடோனாவின் 16 சிங்கிள்கள் தொடர்ந்து முதல் ஐந்து இடத்துக்குள் வந்துகொண்டிருந்தன. அந்த வரிசையை முறித்தது இதுதான், 20ஆம் இடத்தோடு நின்றது. 'ஹிட்ஸ்' என்ற சொல்லைக் கறாராகப் பார்த்தால் தகுதியே இல்லை. ஆனால் தொகுப்பில் வேறெந்தப் பாட்டும் செய்யாத வேலையை இது செய்கிறது: தகப்பனைப் பார்த்து நேராகப் பேசும், வயலின்கள் சூழ்ந்த, மெதுவான ஒரு கசப்பு. நீளமும் 'ரெஸ்க்யூ மீ'யைவிடக் குறைவு, அதனால் 74 நிமிடத்துக்குள் நிற்கிறது (அந்த வரம்பு இன்று யாருக்கும் தேவையில்லை, எனக்குத் தேவை). 'செரி'ஷுக்கும் 'வோக்'குக்கும் நடுவில் வைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தவர் சட்டென்று முகம் மாறி, அழுது, கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி மேடைக்குப் போவதுபோல் ஆகிவிட்டது அந்த மூன்று பாட்டும்.

போன வாரம் மகள் இந்தப் பட்டியலை முழுசாகக் கேட்டாள். 'ஓ ஃபாத'ரில் வரிகளைக் கவனித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பாவைத் திட்டுற பாட்டை நீயே தேடிப் பிடிச்சு சேர்த்து வச்சிருக்கியே" என்றாள். எடுக்கச் சொல்லவில்லை.