கழுத்து மட்டுமா, முழுக் கூடுமா? இறுகும் போல்ட்டும் இரண்டு டைகளும்

கடையில் வாங்கிய .308 வின்செஸ்டர் ரைபிள் தோட்டாவைச் சுட்டால், அதைப் பின்னிருந்து பூட்டும் போல்ட்டின் கைப்பிடி இரண்டு விரலுக்கே எழும்புகிறது. வீட்டு மேசையில் நிரப்பிய தோட்டா என்றால் உள்ளங்கையால் தட்டித் தூக்க வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் சொந்தமாகத் தோட்டா நிரப்புகிறவர்களிடையே இந்தப் புகார் எழுந்தால் பேச்சு உடனே, சுட்ட பித்தளைக் கூட்டை அழுத்தி மறுபடி அளவுக்குக் கொண்டுவரும் அச்சான டை பக்கம் போய்விடும்: குண்டைப் பிடிக்கும் கழுத்தை மட்டும் இறுக்குவதா, கூடு முழுவதையும் இறுக்குவதா?

அதற்கு முன் ஒரு கேள்வி இருக்கிறது. போல்ட்டை மூடும்போதே இறுகியதா? மருந்தும் அதைப் பற்றவைக்கும் பிரைமரும் இல்லாமல், டையில் அழுத்திய வெறும் கூட்டை, குழலில் தோட்டா அமரும் சேம்பரில் போட்டு மூடிப் பாருங்கள். அதுவே முரண்டு பிடித்தால் குற்றவாளி கூட்டின் அளவு. வழுக்கிக்கொண்டு மூடி, சுட்ட பிறகு மட்டும் திறக்க மறுத்தால் அழுத்தத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அதை எந்த டையும் தீர்க்காது. .308க்கு அமெரிக்கத் தர வரம்பு சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. அதைத் தாண்டும்போது பித்தளை விரிந்த இடத்திலிருந்து மீளாமல் சேம்பர் சுவரைக் கவ்விக்கொள்கிறது. கூட்டின் அடியில், அதை வெளியே தள்ளும் எஜெக்டர் பதித்த பளபளப்பான வட்டம் தெரிந்தால் அன்றைய சுடுதலை நிறுத்திவிடுங்கள். மிச்சத் தோட்டாக்களைப் பிரித்து, தோட்டா நிரப்பும் கையேட்டின் தொடக்க மருந்து அளவிலிருந்து மறுபடி ஏறி வாருங்கள். கூடு 2.015 அங்குலத்துக்கு மேல் நீண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். நீண்டிருந்தால் அதன் வாய் சேம்பர் முனையில் நசுங்கிக் குண்டைப் பிடித்துக்கொள்ளும். ராணுவக் கூடுகள் பொதுவாகத் தடித்தவை. உள்ளே இடம் குறைவு என்பதால் அதே அளவு மருந்து அவற்றில் அதிக அழுத்தம் தரும்.

அளவுதான் பிரச்சினை என்றால் இனி டைகளுக்கு வரலாம்.

கழுத்து டையின் கவர்ச்சி எளிதில் புரியும். கழுத்தை விரல்கள்போல் சுற்றிப் பிடித்து அழுத்தும் காலெட் வகையில் மசகு பூச வேண்டியதில்லை. பித்தளை குறைவாகக் கசங்குகிறது. கூடு அந்த ஒரு துப்பாக்கியின் சேம்பருக்கே தைத்த சட்டைபோல் ஆகிவிடுகிறது. ஆனால் ஒவ்வொரு சுடுதலிலும் சட்டை இறுகுகிறது. முழு அழுத்தத்தில் சில முறை சுட்டபின், கழுத்துக்குக் கீழே கூடு சரியும் தோள் சேம்பரை முட்டும், போல்ட் கனக்கும். மான் வேட்டையில் இரண்டாவது தோட்டா அவசரமாக வேண்டிய நேரத்தில் இது தெரியவந்தால் என்ன பயன்?

முழு அளவு டை இந்த இறுக்கத்தைப் போக்கிவிடும். இதன் ஆபத்து வேறு. டை, கூட்டின் அடியைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டரைத் தொட்டு அழுந்தும்வரை திருகினால், சில துப்பாக்கிகளில் தோள் தேவைக்கு மேல் பின்னே போய்விடும். அப்புறம் ஒவ்வொரு சுடுதலிலும் கூடு நீண்டு, அடிக்குச் சற்று மேலே மெலிந்து, ஒருநாள் இரண்டாகப் பிரியும். டையைச் சற்று மேலே வைத்துத் தொடங்கி, சிறிது சிறிதாக இறக்கி, சுட்ட கூட்டைவிடத் தோள் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு, அதாவது 0.05 மி.மீ., பின்வாங்கியதும் நிறுத்துவதே என் வழி. காலிப்பரும், தோள்வரை நீளத்தை அளக்க அதில் மாட்டும் கம்பாரேட்டரும் இதற்குப் போதும். .308க்கு என் ஓட்டு இதற்கே. சுடுதளத்தில் பொறுக்கிய, வேறு துப்பாக்கியின் அகன்ற சேம்பரில் சுடப்பட்ட கூடுகள் மட்டும் இதற்கும் அடங்காமல், அடிப்பகுதியைக் கூடுதலாக ஒடுக்கும் ஸ்மால் பேஸ் டை கேட்கலாம்.

பழைய பிரிட்டிஷ் ராணுவ ரைபிளான .303 லீ என்ஃபீல்டு என்றால் என் தீர்ப்பு மாறும். அதன் போல்ட் பின்பக்கம் பூட்டுவதால் சுடும்போது சற்று நெகிழும், சேம்பர் தாராளமானது, கூடு சேம்பரில் தன் அடி விளிம்பில் நிற்பது, தோளில் அல்ல. அங்கே முழு அளவு டை பித்தளையைச் சீக்கிரம் தின்றுவிடும். கழுத்தை மட்டும் இறுக்கி மிதமான மருந்தில் சுட்டால் கூடு நெடுநாள் உழைக்கும். மூடும்போது கை கனக்கத் தொடங்கியபின் தோளை ஒருமுறை லேசாகத் தள்ளினால் போதும்.