எம்ஜிபி பேட்டரி கேபிள்: கிரிம்ப்பா, சால்டரா?

எம்ஜிபி பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். 1974-க்கு முந்தைய மாடலில் இருக்கைக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள். அங்கிருந்து ஸ்டார்ட்டர் வரை நீளமான கேபிள். அதைப் புதிதாகச் செய்தால் முனையில் வரும் லக்கை (போல்ட்டில் மாட்டும் உலோக வளையம்) எப்படிப் பொருத்துவது? கருவியால் அழுத்தி இறுக்குவதா (கிரிம்ப்), உலோகப் பற்று உருக்கி ஒட்டுவதா (சால்டர்)?

செலவு: சால்டருக்குச் சின்ன கேஸ் டார்ச் போதும். கிரிம்ப்புக்கு ஹைட்ராலிக் கருவி வேண்டும். இரவல் கிடைத்தால் சரி.

நீடித்து உழைப்பது: உருகிய சால்டர் செம்பு இழைகளுக்குள் ஏறி, லக்கை ஒட்டிய கேபிளை விறைக்க வைத்துவிடும். அந்த விறைப்பு முடியும் இடத்தில்தான் அதிர்வில் இழைகள் ஒவ்வொன்றாக அறும். கேபிள் அளவுக்குச் சரியான டையில் (கருவியின் அச்சு) அழுத்திய கிரிம்ப்பை வெட்டிப் பார்த்தால் இழைகளுக்கு நடுவே இடைவெளியே தெரியாது. (சுத்தியலால் தட்டியதெல்லாம் கிரிம்ப் ஆகாது.)

வேகம்: கிரிம்ப்தான்.

ஸ்டார்ட்டருக்குப் போகும் கேபிளுக்குக் கிரிம்ப். பேட்டரிகளை இணைக்கும் குட்டைத் துண்டுக்கு, எப்போதாவது ஓட்டுபவருக்குச் சால்டரே போதும். எதுவானாலும் உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடாக்கினால் சுருங்கி இறுகும் உறை) போட்டுவிடுங்கள்.