ஷிமிசுவா, இவாட்டாவா? ஓயி ஆற்றின் இரு பக்கமும் இரண்டு கால்பந்து கிளப்புகள்

ஜப்பானின் கால்பந்து லீகான ஜே லீக் பார்க்க ஆரம்பிக்கிறவர்கள் எந்த கிளப்பைப் பிடித்துக்கொள்வது என்று கேட்டால், பெரும்பாலும் உராவா, கஷிமா என்றுதான் பதில் வரும். நான் ஷிஸுவோகா மாகாணத்தைக் காட்டுவேன். ஃபூஜி மலையும் தேயிலைத் தோட்டங்களும் உள்ள அந்த ஒரே மாகாணத்தில் ஒன்றுக்கொன்று நேர் போட்டியாக இரண்டு கிளப்புகள்: துறைமுக ஊரின் ஷிமிசு எஸ்-பல்ஸ், மோட்டார் சைக்கிள் ஊரின் ஜூபிலோ இவாட்டா. இரண்டுக்கும் நடுவே ஓயி ஆறு ஓடுகிறது. சில நூற்றாண்டுகளுக்கு முந்தைய எடோ காலத்தில் அதில் பாலம் கட்ட அரசு விடவில்லை. சுமையாட்கள் வழிப்போக்கர்களைத் தோளில் தூக்கிக்கொண்டு அக்கரை சேர்த்தார்கள். இன்று ரயிலில் சில நொடிகளில் ஆற்றைக் கடந்துவிடலாம். ஆனால் இந்த இரண்டும் மோதும் டெர்பி நாளில் ஷிமிசுவின் ஆரஞ்சுச் சட்டையும் இவாட்டாவின் வான்நீலச் சட்டையும் எதிரெதிரே நிற்பதைப் பார்த்தால், இன்னும் அங்கே பாலமே கட்டவில்லையோ என்று தோன்றும்.

முதலில் பிறப்பு. ஷிமிசுவின் கதை தொடங்குவது ஒரு பள்ளிக்கூட மைதானத்தில். 1956-இல் எஜிரி தொடக்கப்பள்ளிக்கு வேலைக்கு வந்த இளம் ஆசிரியர் ஹொத்தா தெட்சுஜி, பையன்களோடு பந்து உதைக்க ஆரம்பித்தார். அது பள்ளிக்குப் பள்ளி பரவி, சிறுவர்களுக்கான லீக் வந்து, ஊர் முழுவதிலிருந்தும் பொறுக்கியெடுத்த ஷிமிசு எஃப்.சி. என்ற சிறுவர் அணியும் உருவானது. 1993-இல் ஜே லீக் தொடங்கியபோது இருந்த பத்து கிளப்புகளில் உராவாவின் பின்னால் மிட்சுபிஷி இருந்தது, ஹிரோஷிமாவின் பின்னால் மஸ்தா, நகோயாவின் பின்னால் டொயோட்டா. எந்தக் கம்பெனி அணியின் வழியிலும் வராத ஒரே கிளப் எஸ்-பல்ஸ்தான். ஊர் மக்களும் அதில் பங்கு வாங்கினார்கள். ஆரஞ்சு நிறம்கூட அந்த ஊர் மலைச்சரிவில் விளையும் மிக்கான் பழத்தின் நிறம்.

இவாட்டாவோ 1972-இல் யமஹா மோட்டார் கம்பெனியின் அணியாகப் பிறந்தது. 1982-இல் பேரரசர் கோப்பை, 1987-88-இல் அப்போதைய தேசிய லீக் பட்டம் என்று கையில் சாதனை இருந்தும் அந்த முதல் பத்தில் அதற்கு இடம் கிடைக்கவில்லை. ஒரு கோப்பைகூட வெல்லாத, அப்போதுதான் பிறந்த ஷிமிசுவுக்குக் கிடைத்தது. இவாட்டாக்காரர்கள் இதை மறக்கவே இல்லை; மறக்க வேண்டியதும் இல்லை. கீழ் அடுக்கில் ஆடிவிட்டு 1994-இல்தான் மேலே வந்தார்கள். ஸ்ட்ரைக்கர் நகயாமா மசாஷி அந்தக் கீழ் அடுக்குக் காலத்திலும் அணியை விட்டுப் போகவில்லை.

கோப்பைகளை எண்ணினால் ஒப்பீடே தேவையில்லை. இவாட்டாவுக்கு 1997, 1999, 2002 என்று மூன்று லீக் பட்டங்கள். ஷிமிசுவுக்கு ஒன்றுகூட இல்லை. 1994 உலகக் கோப்பையைத் தூக்கிய பிரேசில் கேப்டன் துங்கா அடுத்த ஆண்டே இவாட்டாவுக்கு வந்தார். சக வீரர்களை மைதானத்திலேயே கத்தித் திருத்துவார். 1997-இல் லீகின் சிறந்த வீரர் விருதும் அவருக்குத்தான். 1998-இல் நகயாமா 27 ஆட்டங்களில் 36 கோல் அடித்தார். அதில் அடுத்தடுத்து நான்கு ஆட்டங்களில் ஹாட்ரிக்: ஐந்து, நான்கு, நான்கு, மூன்று என்று 16 கோல்கள்! 1999-இல் தெஹ்ரானின் ஆசாதி ஸ்டேடியத்தில் லட்சம் பேருக்கு முன்னால் ஈரானின் எஸ்தெக்லால் கிளப்பை 2-1 என்று வென்று ஆசிய கிளப் பட்டம் எடுத்தார்கள்.

இவாட்டா கதையில் என்னை அதிகம் வருத்துவது 2001. அந்த ஆண்டு ஸ்பெயினில் நடக்கவிருந்த கிளப் உலகக் கோப்பையில் ரியால் மாட்ரிட் இருந்த பிரிவில் இவாட்டாவும் இருந்தது. அதை மனதில் வைத்துத்தான் நனாமி ஹிரோஷியை நடுவில் நிறுத்தி, அவரைச் சுற்றி நான்கு மிட்ஃபீல்டர்கள் இடம் மாறிக்கொண்டே இருக்கும் ஆட்டமுறையை உருவாக்கினார்கள். என்-பாக்ஸ் என்று அதற்குப் பெயர். அந்தப் பழைய காணொளிகளைப் பாருங்கள்: பந்து போன இடமெல்லாம் நீலச் சட்டை மூன்று பேர் நிற்பார்கள். கடைசியில் போட்டியின் வணிக உரிமையை வைத்திருந்த நிறுவனம் திவாலாகி, போட்டியே ரத்தானது. மாட்ரிட்டை எதிர்த்து அந்த நடுக்களம் என்ன செய்திருக்கும் என்பது தெரியாமலே போய்விட்டது.

சரி, அந்த நடுக்களத்தில் இருந்தவர்கள் யார்? நனாமி படித்தது ஷிமிசு வணிக மேல்நிலைப் பள்ளியில். 2001-இல் சிறந்த வீரர் விருது வாங்கிய ஃபுஜிதா தொஷியா பிறந்ததே ஷிமிசுவில்; பள்ளியும் அதே பள்ளிதான். நகயாமாவின் ஊரும் ஆற்றுக்குக் கிழக்கே, ஃபுஜியெதா பக்கம். ஆக, இவாட்டாவின் பொற்காலத்தைத் தாங்கிய தூண்கள் ஷிமிசு பக்கத்து மண்ணிலிருந்து போனவை. ஷிமிசு பிள்ளைகளை வளர்த்தது, இவாட்டா அந்தப் பிள்ளைகளைக் கொண்டு கோப்பைகளை அடுக்கியது. மூன்றுக்குப் பூஜ்யம் என்ற கணக்கை மட்டும் பார்க்கிறவர்களுக்கு இது தெரிவதில்லை.

1999 டிசம்பரில் இந்த இரண்டு கிளப்புகளும் லீக் பட்டத்துக்காகவே மோதின. அப்போது ஆண்டு இரண்டு பாதிகளாகப் பிரிந்திருந்தது. முதல் பாதியை இவாட்டாவும் இரண்டாம் பாதியை ஷிமிசுவும் வென்றிருந்தன. ஆண்டு முழுவதற்குமான புள்ளிகளில் ஷிமிசு இவாட்டாவைவிட வெகு தூரம் மேலே. ஆனால் விதிப்படி இரண்டு ஆட்டங்கள். முதலாவதில் கூடுதல் நேரத்தில் நகயாமா பெனால்டி அடிக்க இவாட்டாவுக்கு 2-1. இரண்டாவது ஆட்டம் ஷிமிசுவின் நிஹோன்தைரா ஸ்டேடியத்தில். இவாட்டா முதல் கோல் போட்டது. உடனே ஷிமிசுவின் இடதுபக்க வீரர் அலெக்ஸ் ரெட் கார்டு வாங்கி வெளியே போனார். இத்தோடு முடிந்தது என்று நினைக்கும்போதே சவனொபொரி மசாகி ஃப்ரீ கிக்கில் சமன் செய்தார். பத்துப் பேரோடு ஒரு மணி நேரத்துக்கு மேல் தாக்குப்பிடித்து, கூடுதல் நேரத்தில் ஃபாபின்யோவின் கோலில் ஷிமிசு 2-1 என்று வென்றது. அப்புறம் பெனால்டி ஷூட் அவுட், அதில் 4-2 என்று இவாட்டாவுக்குப் பட்டம். சொந்த ஊரில், ஆட்டத்தை வென்ற பிறகு கோப்பையை இழந்தார்கள். அந்த ஆண்டின் சிறந்த வீரர் விருது அலெக்ஸுக்குத்தான் போனது.

பண விஷயத்தில் கம்பெனிக் கிளப்புக்கும் ஊர்க் கிளப்புக்கும் உள்ள வித்தியாசம் பளிச்சென்று தெரியும். 1996-இல் ஒசி ஆர்டிலெஸ் பயிற்சியில், இரண்டு இறுதிப் போட்டிகளில் தங்களைத் தோற்கடித்திருந்த வெர்டி கிளப்பையே பெனால்டியில் வீழ்த்தி, லீக் பட்டத்திலிருந்து வேறான லீக் கோப்பையை ஷிமிசு தூக்கியது. அடுத்த ஆண்டே கிளப்பை நடத்திய நிறுவனம் கடனில் மூழ்கியது. பெரிய தாய் நிறுவனம் இல்லாததால் கை கொடுக்க ஆளில்லை. ஊர் மக்கள் கையெழுத்து வேட்டையில் இறங்கினார்கள். ஷிமிசு துறைமுகத்தின் பழைய வணிக நிறுவனமான சுசுயோ முன்வந்து 1998-இல் கிளப்பை எடுத்துக்கொண்டது. யமஹாவின் நிழலில் இருந்த இவாட்டாவுக்கு இப்படி ஒரு ராத்தூக்கம் போன காலம் வந்ததில்லை. இது இவாட்டாவின் குறை இல்லை. ஆனால் சாவின் விளிம்புவரை போய் வந்த கிளப்பின்மேல் ஊருக்கு இருக்கும் பிடிப்பு வேறு.

ஸ்டேடியத்தில் எனக்குத் தயக்கமே இல்லை, நிஹோன்தைராதான். வானம் தெளிந்த நாளில் மேல் வரிசையிலிருந்து ஃபூஜி மலை தெரியும். ரசிகர்கள் சாம்பா தாளத்தில் முரசடிப்பார்கள். யமஹா ஸ்டேடியம் தொழிற்சாலைக்கு ஒட்டினாற்போல் இருக்கும் அடக்கமான மைதானம். பெரிய கூட்டம் வரும் ஆட்டத்தை இவாட்டா எக்கோபா ஸ்டேடியத்துக்குக் கொண்டுபோவதுண்டு. 2002 உலகக் கோப்பையில் ரொனால்டீன்யோ இங்கிலாந்து கோல்கீப்பர் தலைக்கு மேலே ஃப்ரீ கிக் போட்டாரே, அதே இடம்.

இன்றைய நிலையில் இரண்டும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கின்றன. 2022-இல் கடைசி இரண்டு இடங்களையும் இவர்களே பிடித்துச் சேர்ந்தே இரண்டாம் அடுக்கான ஜே2-க்கு இறங்கினார்கள். ஒப்பந்தச் சிக்கல் ஒன்றினால் ஃபிஃபா தடை விதித்து, 2023-இல் புது ஆளே சேர்க்க முடியாமல் இருந்தது இவாட்டா. ஷிமிசுவிடமோ உலகக் கோப்பை ஆடிய கோல்கீப்பர் கொண்டா. கடைசி நாள் காலையில் ஷிமிசு இரண்டாம் இடம், நேரடியாக மேலே போகும் இடம். மிட்டோவில் 1-1 டிரா. அதே நேரம் தொச்சிகியில் இவாட்டா 2-1 வெற்றி. 75 புள்ளியோடு இவாட்டா மேலே, 74 புள்ளியோடு ஷிமிசு நான்காவது. மேலே போக மீதியிருந்த ஒரே இடத்துக்கான பிளே-ஆஃப் இறுதியிலும் 90 நிமிடம் தாண்டி வெர்டிக்கு ஒரு பெனால்டி, 1-1; டிரா போதும் என்றிருந்த வெர்டி மேலே போனது.

அடுத்த ஆண்டு ஷிமிசு ஜே2 சாம்பியனாக ஏறியது, இவாட்டா இறங்கியது. 2025-இல் ஒன்று மேலே, ஒன்று கீழே. அந்த ஆண்டு லீகில் டெர்பியே இல்லை. வரலாற்றில் ஒரு மகத்தான அணியைப் பார்க்க வேண்டுமென்றால் 1997 முதல் 2002 வரையிலான இவாட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். வாராவாரம் பின்தொடர ஒரு கிளப் வேண்டுமென்றால் என் கை ஷிமிசுவைத்தான் காட்டும். முதலில் அந்த 1999 இரண்டாவது ஆட்டத்தைப் பாருங்கள், ரெட் கார்டு விழும் நிமிடத்திலிருந்து.