மூன்று வருஷ நீச்சல் குளமும் மல்லாக்க நீந்தும் பூச்சியும்

போன வாரம் நண்பன் போன் செய்து, "மாப்ளே, தோட்டத்துல உன்னோடது மாதிரி ஒரு ஸ்விம்மிங் பூல் கட்டலாம்னு இருக்கேன், எப்படிப் போகுது?" என்றான். அவனிடம் கொட்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அளவு, பம்ப் திறன் எல்லாம் எந்த கொட்டேஷனிலும் இருக்கும். எங்களுடையது தொண்டாமுத்தூர் பக்கம், 24க்கு 12 அடி, சுமார் 36 ஆயிரம் லிட்டர். குறை சொல்லும் முன் நியாயமாக ஒன்று சொல்லிவிடுகிறேன்: பம்ப் ஒரு நாள்கூட மக்கர் செய்ததில்லை. மணல் ஃபில்டருக்கு வாரம் ஒரு பேக்வாஷ் (தண்ணீரைத் தலைகீழாக ஓடவிட்டு அழுக்கை வெளியேற்றுவது), அவ்வளவுதான். டைல்ஸ் ஒன்றுகூடப் பெயரவில்லை.

ஆனால் பூச்சி! இரண்டாவது வருஷ ஐப்பசி மழைக்கு அப்புறம் ஆரம்பித்தது. ஒரு நாள் மகள் "அப்பா, தேனீ கொட்டிருச்சு" என்று அலறிக்கொண்டு ஏறி வந்தாள். தண்ணீருக்குள் ஏது தேனீ? வலையில் அள்ளி ஒரு சில்வர் டம்ளரில் விட்டுப் பார்த்தேன். சின்னப் படகு மாதிரி உடம்பு, துடுப்பு மாதிரி இரண்டு நீளக் கால்கள், மல்லாந்து கிடந்தபடியே நீந்துகிறது. வயிற்றில் ஒட்டியிருந்த காற்று வெள்ளியாய் மின்னியது. அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "ஏண்டா, நாங்க கிணத்துல குதிச்சப்ப தண்ணிப்பாம்பே கூட நீந்துச்சு, செத்தா போயிட்டோம்?" என்றார்.

குளம் கட்டிக் கொடுத்தவரிடம் கேட்டால் ஒரே பதில்: "குளோரின் பத்தலைங்க சார்." மிதவையில் போடும் குளோரின் மாத்திரை இன்னொரு பக்கெட் வந்து இறங்கியது. போட்டேன், போட்டேன், போட்டுக்கொண்டே இருந்தேன். டெஸ்ட் கிட்டில் குளோரின் 3 பிபிஎம் (பத்து லட்சத்தில் மூன்று பங்கு) காட்டுகிறது, வழக்கமாக அது போதும், ஆனால் பூச்சி பாட்டுக்கு நீந்துகிறது.

விஷயம் என்னவென்றால், குளத்தில் இரண்டு சாதி இருந்தது. குப்புற நீந்துவது பாசியைத் தின்ன வருகிறது, கடிக்காது. அதைத் தின்ன வருவதுதான் மல்லாக்க நீந்துவது, கடிப்பதும் அதுதான். ஆக, பாசி போனால் இரண்டும் போகும். பாசி எங்கே என்று தேடினால் ஏணிக்குப் பின்னால், கை எட்டாத மூலையில், வழவழவென்று ஒரு பச்சை. பழைய டூத்பிரஷ் வைத்துத் தேய்த்தேன்.

அந்த மாத்திரையில்தான் அடுத்த வில்லங்கம். வெயிலில் குளோரின் வீணாகாமல் காக்கும் சயனூரிக் அமிலமும் அதிலேயே இருக்கிறது. குளோரின் செலவாகிவிடும், இது தண்ணீரிலேயே தங்கிச் சேர்ந்துகொண்டே போகும். அளவு மீறினால் குளோரினையே மந்தமாக்கிவிடும். எங்கள் தண்ணீரில் 100 பிபிஎம்மைத் தாண்டியிருந்தது. மருந்தே நோயாகிவிட்டது, அதை எனக்கு விற்றவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. குளோரினே போடாமல் ஒரு வாரம் வெயிலில் விட்டு, பாதித் தண்ணீரைத் தென்னைக்குத் திருப்பினேன். புதிதாக விட்ட போர் தண்ணீரில் பிஎச் (அமில-கார அளவு) 8க்கு மேல், காரம் அதிகம். ஆசிட் விட்டு 7.4க்கு இறக்கி, சூரியன் சாய்ந்த பிறகு திரவக் குளோரின் ஊற்றினேன். தோட்டத்து ஆள் மாத்திரை பக்கெட்டிலேயே பிளீச்சிங் பவுடரையும் கொட்டப் போனார், பாய்ந்து பிடுங்கினேன். அது இரண்டும் கலந்தால் வெடிக்கும்.

மிச்சப் பூச்சிக்கு, இன்னொரு நாள் ராத்திரி பம்பை நிறுத்திவிட்டு, பாத்திரம் கழுவும் லிக்விட் நாலு ஸ்பூன். தண்ணீர் மேல்பரப்பின் பிடிப்பு போய்விடுவதால் பூச்சியால் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ள முடிவதில்லை, மூழ்கிவிடும். காலையில் வலையில் ஒரு கைப்பிடி இருந்தது. அள்ளி முடிக்கும் முன் பம்பைப் போட்டுவிடாதீர்கள், ஒரே நுரையாகிவிடும், அனுபவம்!

கடைசியாகத் தெரிந்ததுதான் எரிச்சல். இந்தப் பூச்சிகள் பறக்கும், வெளிச்சத்தைத் தேடி வரும். நான் ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கிய நீல எல்இடி விளக்கை ராத்திரி 11 மணி வரை எரியவிட்டு, விருந்துக்குக் கூப்பிட்டதே நான்தான். இப்போது அணைத்தே வைத்திருக்கிறேன். நாலு மாசமாகக் குளம் கண்ணாடி மாதிரி இருக்கிறது. மகள் தினமும் நீந்துகிறாள்.

சரி, கட்டலாமா? அவன் கேட்ட அன்று காலையில்தான் ஏணிப் பக்கம் மல்லாக்க ஒன்று மிதந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.