படுக்கையருகே பைபிளா, பௌத்தப் பிரித் ஓதலா? ஒரு தாதியின் ஒப்பீடு

வாட்டுக்குப் புதிதாக வரும் தாதியருக்கு முதல் வாரம் வகுப்பு எடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, எதிலிருந்து தொடங்குவது என்று நான் முடிவு செய்ய வேண்டியிருந்தது. நான் மெதடிஸ்த கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவள். எனக்குத் தாதிமை கற்றுத்தந்தவர்கள் காலையில் ஜெபம் பண்ணிவிட்டுத்தான் வாட்டுக்குள் கால் வைப்பார்கள். நான் அதிக காலம் வேலை பார்த்ததோ, சிங்கள பௌத்தர்கள் பெரும்பான்மையாகப் படுத்திருக்கும் புற்றுநோய் வாட்டில். இரண்டு மரபையும் பக்கத்தில் இருந்து பார்த்தபின், வகுப்பைப் பௌத்த விநயத்திலிருந்து, அதாவது பிக்குகளின் ஒழுக்க விதிகளிலிருந்து, தொடங்குவது என்று முடிவெடுத்தேன். இன்னும் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறேன். அதனால் இது மதம் மாறிய கதை இல்லை. நோயாளியின் பக்கத்தில் நிற்கும் தாதிக்கு எது அதிகம் கைகொடுக்கிறது என்பதுதான் என் கேள்வி.

அன்பு, பொறுமை, சுத்தம், இனிய சொல் இவற்றில் இரண்டுக்கும் பேதமில்லை. அங்கே நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

கிறிஸ்தவப் பராமரிப்பின் வேர் பைபிளில் மத்தேயு சுவிசேஷத்தின் 25ஆம் அதிகாரம். வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்க வந்தீர்கள் என்று இயேசு சொல்வது. மிகச் சிறியவனுக்குச் செய்தது எனக்கே செய்தது என்கிறார். இந்த வசனத்தின் பலம் அவசரச் சிகிச்சைப் பிரிவில் தெரியும். குடித்துவிட்டு விழுந்து மண்டை உடைந்தவர், கைவிலங்கோடு பொலிஸ் கொண்டுவரும் கைதி, யாரும் தேடி வராத கிழவர். இவர்களைத் தொடக் கை தயங்கும்போது அந்த வசனம் பிடரியில் ஒரு தட்டுத் தட்டும். படுத்திருப்பவர் இதற்குத் தகுதியானவரா என்ற கேள்விக்கே அதில் இடமில்லை.

அந்த ஒரு வசனத்திலிருந்து எவ்வளவு பெரிய காரியங்கள் எழும்பின! 4ஆம் நூற்றாண்டில் செசரியா நகரில் ஆயர் பசிலியார் ஏழைகளுக்கும் தொழுநோயாளருக்கும் கட்டிய இல்லம். 1836இல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த்தில் பாதிரியார் ஃபிலீட்னர் தொடங்கிய டீக்கனஸ் (சபைப் பெண் ஊழியர்) பயிற்சி நிலையம். 1851இல் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் அங்கே போய்ப் பயின்றார். நமக்கு நெருக்கமாகப் பார்த்தால், யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 1848இல் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மேலை மருத்துவம் கற்பிக்கத் தொடங்கிய அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிரீன். 1909இல் வேலூரில் தாதியர் பள்ளி தொடங்கிய ஐடா ஸ்கடர். வீட்டுப் பெண்கள் அந்நியரின் உடம்பைத் தொட்டுக் கழுவுவதைக் கௌரவமான தொழிலாக ஆக்கிக் காட்டியதில் கிறிஸ்தவத்தின் பங்கு மிகப் பெரியது.

பௌத்தத்திலும் பழைய காலத்திலேயே வைத்தியசாலைகள் இருந்தன. மிகிந்தலையில் 9ஆம் நூற்றாண்டு வைத்தியசாலையின் இடிபாடுகளையும், மனித உடல் வடிவில் குடைந்த மருந்துத் தொட்டியையும் இன்றும் பார்க்கலாம். ஆனால் அது முதன்மையாகப் பிக்குகளுக்கு உரியது. தைவானின் பிக்குணி செங் யென் 1966இல் சூ-சி தொண்டு அமைப்பைத் தொடங்கியதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுவதே மூன்று கத்தோலிக்கக் கன்னியாஸ்திரிகள் அவரிடம் கேட்ட கேள்விதான்: நாங்கள் பள்ளியும் வைத்தியசாலையும் கட்டுகிறோம், பௌத்தர்கள் சமூகத்துக்கு என்ன செய்கிறீர்கள்? இருபது வருடம் கழித்து, 1986இல், ஹுவாலியனில் அவர்களுடைய வைத்தியசாலை திறந்தது. ஆக, கட்டி எழுப்புவதில் கிறிஸ்தவம் முன்னே நிற்கிறது.

பிறகு ஏன் நான் மற்றதைத் தேர்ந்தேன்? பிக்குகளின் விதிகள் அடங்கிய விநயபிடகத்தின் மகாவக்கம் என்ற பகுதியில் ஒரு சம்பவம் வருகிறது. வயிற்றுப்போக்கு வந்த ஒரு பிக்கு தன் கழிவிலேயே கிடக்கிறார். யாரும் எட்டிப் பார்க்கவில்லை. புத்தர் தன் சீடர் ஆனந்தரைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்கிறார். புத்தர் தண்ணீர் ஊற்ற, ஆனந்தர் கழுவுகிறார். பிறகு புத்தர் தலைப்பக்கமும் ஆனந்தர் கால்பக்கமும் பிடித்து அவரைத் தூக்கிக் கட்டிலில் கிடத்துகிறார்கள். எழும்ப முடியாத நோயாளியை இடம் மாற்ற இன்றும் நாங்கள் இப்படித்தான் நிற்போம், ஒருத்தி தலைமாட்டில், ஒருத்தி கால்மாட்டில். ஏன் கவனிக்கவில்லை என்று புத்தர் கேட்டதற்கு, அவரால் எங்களுக்கு ஒரு பயனும் இல்லை என்கிறார்கள் மற்றப் பிக்குகள். உங்களுக்கு இங்கே தாயும் இல்லை, தகப்பனும் இல்லை, ஒருவரை ஒருவர் பார்க்காவிட்டால் யார் பார்ப்பார் என்று கேட்டுவிட்டு அவர் சொல்வது, மத்தேயுவின் வசனத்துக்குக் கூடப்பிறந்தது போல இருக்கும்: என்னைப் பராமரிக்க நினைப்பவர் நோயாளியைப் பராமரிக்கட்டும்.

அதோடு நிற்கவில்லை. நல்ல தாதிக்கு ஐந்து தகுதிகள் சொல்லப்படுகின்றன. மருந்து தயாரிக்கத் தெரிய வேண்டும். எது ஒத்துவரும், எது ஒத்துவராது என்று அறிந்து, ஒத்துவராததை அகற்ற வேண்டும். லாபத்துக்காக இல்லாமல் அன்போடு பார்க்க வேண்டும். மலம், சிறுநீர், சளி, வாந்தி அள்ள அருவருக்கக் கூடாது. நேரம் பார்த்து நல்ல பேச்சால் நோயாளியைத் தேற்றத் தெரிய வேண்டும். புதுப்பிள்ளை ஒருத்தியிடம் அன்பாயிரு என்று சொன்னால் தலையாட்டுவாள், ஆனால் நாளைக்கு என்ன செய்வதென்று தெரியாது. இந்த ஐந்தையும் கொடுத்தால் தன்னைத் தானே சோதித்துப் பார்ப்பாள். எனக்கு மிகப் பிடித்தது நாலாவது. அருவருப்பு வரும் என்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, அதைத் தாண்டுவதைத் தொழில் தகுதியாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

நோயாளிக்கும் ஐந்து இருக்கிறது. மருந்தை ஒழுங்காக எடுக்க வேண்டும், அளவறிந்து நடக்க வேண்டும், நோவு கூடுகிறதா குறைகிறதா என்பதை உள்ளபடி சொல்ல வேண்டும், இப்படி. மத்தேயு 25இல் நோயாளி கிறிஸ்துவின் இடத்தில் இருக்கிறார். அவரிடம் நாம் எதையும் கேட்க முடியாது. விநயத்தில் அவர் பக்கத்துக்கும் ஒரு வேலை இருக்கிறது. நீண்ட நாள் நோயில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். எங்கள் வாட்டில் இருந்த ஒரு கிராமத்து ஆச்சி, வலி எப்படி என்று கேட்டால் "பரவாயில்லை மிஸ்ஸி" என்றே சொல்லுவார், முகம் மட்டும் சுருங்கியிருக்கும். உள்ளதைச் சொல்வது நோயாளியின் கடமை என்று புத்தர் சொன்னதை ஒருநாள் எடுத்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, இரவு இரண்டு மணிக்குப் பிறகு தாங்க முடியவில்லை என்றார். வைத்தியரிடம் சொல்லி இரவு மருந்தின் அளவை மாற்றினோம்.

கர்மம் பற்றிக் கட்டாயம் கேட்பீர்கள். "அது அவருடைய கர்மம்" என்று வாட்டுக்கு வரும் உறவுக்காரர் சொல்வதை நானும் கேட்டிருக்கிறேன், நோயாளியின் காதில் விழும்படியாகவே. கிறிஸ்தவர்களும் சளைத்தவர்கள் இல்லை. செய்த பாவம், விசுவாசக் குறைவு என்று முகத்துக்கு நேரே சொல்லி ஜெபம் பண்ணுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். இரண்டு மரபின் மூல நூல்களும் இதை மறுக்கின்றன. பிறவிக் குருடனைக் குறித்து, இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல என்கிறார் இயேசு. சீவகன் என்ற துறவி கேட்டபோது, வேதனைக்கு எட்டுக் காரணம் உண்டு என்கிறார் புத்தர்: பித்தம், சிலேத்துமம், வாதம், இவற்றின் சேர்க்கை, பருவ மாற்றம், தவறான பராமரிப்பு, வெளியிலிருந்து வரும் தாக்குதல், கடைசியில் கர்மம். தவறான பராமரிப்பு தனிக் காரணமாக நிற்பதைக் கவனியுங்கள். படுக்கைப்புண் வந்தால் கர்மத்தைச் சொல்ல முடியாது. புரட்டிப் படுக்க வைக்காதவர்களைத்தான் சொல்ல வேண்டும்.

சரி, என் முடிவைத் தீர்மானித்த விஷயத்துக்கு வருகிறேன். தாதி எத்தனை வருடம் தாக்குப்பிடிப்பாள்? நோயாளியைப் பராமரிப்பது பற்றி எல்லாரும் பேசுவார்கள். பராமரிக்கிறவளைப் பராமரிப்பது பற்றிப் பேச ஆளில்லை. புற்றுநோய் வாட்டில் பலர் குணமாகிப் போவதில்லை. மூன்று மாதம் தலை வாரிவிட்ட பெண்ணின் கட்டில் ஒரு காலையில் வெறுமையாக இருக்கும், பத்து மணிக்கு அதே கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டு அடுத்தவரைச் சேர்ப்போம். இதை வருடக்கணக்கில் செய்கிறவர்களுக்கு இரண்டில் ஒன்று நடக்கும். ஒன்று, ஒவ்வொரு சாவையும் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய் உடைந்துபோவார்கள். அல்லது கல்லாகிவிடுவார்கள். கல்லாகிப்போன தாதியின் கையில் விழும் நோயாளியின் பாடு சொல்ல வேண்டியதில்லை.

கிறிஸ்தவ மரபில் நான் கற்றது, கொடு, இன்னும் கொடு என்பது. சிலுவைதான் அளவு. அன்புக்கு எல்லை வைக்கக் கூடாது. எட்டு மணிநேர ஷிப்டில் முப்பது பேரைப் பார்க்கும்போது, கட்டிலில் இருப்பது கிறிஸ்து என்றால், அவசரத்தில் துடைத்துவிட்டு ஓடியது யாரை என்ற குற்றவுணர்ச்சி வரும். நல்ல தாதியர் பலர் இதனால்தான் ஓய்ந்துபோனார்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இது ஊழியம், இதற்குக் கணக்குப் பார்க்கக் கூடாது என்று சொல்லியே லீவும் ஓவர்டைம் காசும் மறுக்கப்பட்ட இடத்தில் நானும் வேலை பார்த்திருக்கிறேன். அது சுவிசேஷத்தின் குற்றமில்லை. ஆனால் சுவிசேஷத்தை அப்படிப் பயன்படுத்த முடிகிறது.

நியாயமாகச் சொன்னால், பைபிளுக்குள்ளேயே இதற்கு மருந்து இருக்கிறது. இயேசு கூட்டத்தை விட்டு வனாந்தரத்துக்குப் போய் ஜெபித்தார். அவர் சொன்ன கதையில் நல்ல சமாரியன், வழியில் அடிபட்டுக் கிடந்தவனின் காயத்தைக் கட்டி, எண்ணெயும் திராட்சரசமும் வார்த்து, சத்திரத்தில் ஓர் இரவு பார்த்துக்கொண்டான். மறுநாள் சத்திரக்காரனிடம் இரண்டு பணத்தைக் கொடுத்துப் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுத் தன் பயணத்தைத் தொடர்ந்தான். ஷிப்ட் முடிந்து ஒப்படைத்துப் போவதற்கு இதைவிட நல்ல முன்மாதிரி கிடையாது. ஆனால் நான் கேட்ட பிரசங்கங்களில் அவன் நின்றதைத்தான் சொன்னார்கள், கிளம்பிப் போனதை யாரும் சொல்லவில்லை.

பௌத்தத்தில் இது ஓரத்தில் கிடக்கவில்லை, நடுவிலேயே இருக்கிறது. மைத்திரி (எல்லாரும் நலமாக இருக்க விரும்புவது), கருணை, முதிதை (பிறர் மகிழ்ச்சியில் மகிழ்வது), உபேட்சை (நிதானமான நடுநிலை) என்று நான்கு மனநிலைகள். 5ஆம் நூற்றாண்டில் அனுராதபுரத்து மகாவிகாரையில் இருந்து புத்தகோசர் எழுதிய விசுத்திமார்க்கம் இந்த நான்குக்கும் இரண்டிரண்டு பகைகளைச் சொல்கிறது, தூரத்துப் பகையும் பக்கத்துப் பகையும். கருணைக்குத் தூரத்துப் பகை கொடுமை, அது யாருக்கும் தெரியும். பக்கத்துப் பகை துயரம். கருணை போலவே வேஷம் போட்டு உள்ளே வந்து ஆளைச் சாய்த்துவிடும். உபேட்சைக்குப் பக்கத்துப் பகை, அக்கறையற்ற அலட்சியம். பார்த்தால் நிதானம் போலவே இருக்கும். நான் மேலே சொன்ன இரண்டு விபத்தும், உடைவதும் கல்லாவதும், ஆயிரத்தைந்நூறு வருடத்துக்கு முன்பே பெயரோடு எழுதப்பட்டிருக்கின்றன. அதைப் படித்த அன்று வாட்டில் எனக்கு நடந்துகொண்டிருந்தது என்னவென்று புரிந்தது.

மைத்திரி தியானம் தன்னிலிருந்து தொடங்குகிறது என்பதும் முக்கியம். முதலில் தான், பிறகு வேண்டியவர், பிறகு வேண்டியவரும் வேண்டாதவரும் இல்லாத நடுவிலுள்ளவர், கடைசியில் பகைவர். தன்னை முதலில் வைப்பது கிறிஸ்தவப் பிள்ளைக்குச் சுயநலம் போலத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் ஷிப்டுக்கு முன் உடை மாற்றும் அறையில் சில நிமிடம் இதைச் செய்துவிட்டுப் போகிற நாளில், கத்திப் பேசும் உறவுக்காரரிடம் என் குரல் உயர்வதில்லை. மூளை ஆராய்ச்சியாளர் தானியா சிங்கரும் பிக்கு மத்தியூ ரிக்காரும் சேர்ந்து செய்த ஆய்வுகள் இதே திசையைக் காட்டுகின்றன. மற்றவரின் வலியை அப்படியே தனக்குள் வாங்குவது ஆளைச் சோர வைக்கிறது. அவர் நலமாக வேண்டும் என்று விரும்பும் கருணைப் பயிற்சி அந்தச் சோர்வைக் குறைக்கிறது.

வலி நிவாரணத்தில் இரண்டு பக்கமும் சிக்கல் உண்டு. சாகும் தறுவாயில் மனம் தெளிவாக இருக்க வேண்டும் என்று மோர்பீனைத் தள்ளும் பௌத்தர்கள் இருக்கிறார்கள். வலியைச் சிலுவையாகச் சுமக்க வேண்டும் என்று மறைக்கும் கத்தோலிக்கர்கள் இருக்கிறார்கள், பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் 1957இலேயே வலி மருந்தை ஏற்றுக்கொண்டபின்னும். மயக்கம் வராத அளவில் தொடங்கி மெதுவாகக் கூட்டுவோம் என்று சொன்னால் பெரும்பாலும் இரு தரப்பும் சம்மதிப்பார்கள்.

கடைசி மணிநேரங்களில் என் மனம் மறுபடி கிறிஸ்தவப் பக்கம் சாய்கிறது. நோயுற்ற பிக்கு ஒருவருக்காகப் புத்தர் சொன்ன கிரிமானந்த சூத்திரத்தைப் பிக்கு ஓதும்போது வாட்டே அடங்கும், கையில் பிரித் நூல் கட்டியதும் நோயாளியின் மூச்சு சீராவதைக் கண்டிருக்கிறேன். ஆனால் மனச்சாட்சி உறுத்தலோடு படுத்திருப்பவருக்கு, உனக்கு மன்னிப்பு உண்டு என்று இன்னொருவர் வாயால் கேட்பது தேவைப்படுகிறது. பாதிரியார் வந்து எண்ணெய் பூசி அதைச் சொன்னபின் தூங்கியவர்கள் உண்டு. பௌத்தத்தில் நோயாளி செய்த நல்லவற்றை நினைவுபடுத்துவார்கள். நல்லது எதுவும் செய்யவில்லை என்று நம்புகிறவரிடம் அது எடுபடுவதில்லை.

குழந்தைகள் வாட்டிலும் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் நான் அதிக நாள் இருந்ததில்லை. அங்கே இந்தத் தராசு வேறு பக்கம் சாயலாம். மகாயான பௌத்த மரபினரை நான் பராமரித்ததும் குறைவு. இறந்தபின் எட்டு மணிநேரம் உடலைத் தொடாமல் விட வேண்டும் என்று கேட்கும் சீனக் குடும்பங்களை வாட்டில் எப்படிச் சமாளிப்பது என்பதற்கு என்னிடம் அனுபவப்பட்ட பதில் இல்லை. அவசரப் பிரிவுக்குப் போகும் பிள்ளைகளுக்கு மட்டும் மத்தேயு 25ஐ முதலில் சொல்கிறேன். நீண்ட நாள் வாட்டுக்கு வருகிறவர்களுக்கு ஐந்து தகுதியும் பக்கத்துப் பகைகளும் முதல் நாளே. சமாரியன் மறுநாள் கிளம்பிப் போனதை இரண்டு கூட்டத்துக்கும் சொல்கிறேன்.