ஆவிக்கலமா, ஒளிக்குழியா? மட்டக்களப்பு வெக்கையில் எது தாங்கும்

வந்தாறுமூலையில் பௌதிகவியல் படிக்கும் மருமகன் கேட்டான்: "மாமா, 780 நானோமீற்றர் லேசர் ஒண்டு கிடக்கு. மீடிறன், அதான் அதிர்வெண், ஒரு இடத்துல நிக்குதில்ல. ருபீடியம் கலம் எடுக்கவா, ஒளிக்குழி எடுக்கவா?"

லேசருக்கு இரண்டு வியாதி. நொடிக்குள் படபடவென்று நடுங்கும். மணிக்கணக்கில் மெல்ல நகரும். நடுக்கத்துக்கு ஒளிக்குழி, நகர்வுக்கு ஆவிக்கலத்துள் இருக்கும் ருபீடியம் அணு.

குழி என்பது எதிரெதிரே இரண்டு ஆடிகள். நடுவே அரை அலைநீளங்கள் முழு எண்ணாய் அடங்கினால்தான் ஒளி தங்கும். 1983இல் வெளியான பவுண்ட்–ட்ரெவர்–ஹோல் முறையில், லேசர் எந்தப் பக்கம் விலகுகிறது என்பதைத் தெறித்து வரும் ஒளியே காட்டிக்கொடுக்கும். வேகத்தில் இதை அடிக்க முடியாது. ஆனால் ஆடிகளுக்கு இடைப்பட்ட நீளத்தை வெப்பம் மாற்றிவிடும். குறைவாக விரியும் இன்வார் என்ற உலோகக் கலவையில் செய்த குழிகூட ஒரு பாகை சூடேறினால் ஏறத்தாழ பத்து இலட்சத்தில் ஒரு பங்கு நீளும். 780 நானோமீற்றர் ஒளியின் மீடிறனான 384 டெராஹேர்ட்சில் அது 380 மெகாஹேர்ட்ஸ் அளவு. விரியாத விசேட கண்ணாடியும் வெற்றிடக் கூடும் வாங்கினால் தப்பலாம், காசு இருந்தால்.

கரண்ட் போய் வந்தால் இன்னொரு தலையிடி. 10 சென்ரிமீற்றர் குழி 1.5 கிகாஹேர்ட்சுக்கு ஒருமுறை பரிவுறும், அதாவது ஒளியைத் தங்கவிடும். எல்லாம் ஒரே முகம். எதில் நின்றோம் என்று யாரைக் கேட்பது?

ருபீடியம் அப்படியல்ல. இயற்கை ருபீடியம் அடைத்த கலத்தில், லேசரின் மீடிறனை மெல்ல மாற்றிக்கொண்டு போனால், அணுக்கள் ஒளியை விழுங்கும் இடங்களில் நான்கு பள்ளங்கள் தெரியும். பார்த்துப் பழகிய கண் உடனே அடையாளம் காணும். வெக்கையும் இதற்குப் பகையில்லை, சூடு கூடினால் ஆவிதான் கூடும். அணுக்கள் ஓடித்திரிவதால் அந்தப் பள்ளங்கள் 500 மெகாஹேர்ட்ஸ் அளவுக்கு அகன்று கிடக்கும். எதிரெதிராக இரண்டு கதிர் விட்டால், கதிரின் திசையில் ஓடாத அணுக்களுக்கே இரண்டும் ஒரே மீடிறனாகத் தெரியும். பள்ளத்துக்குள், இயல்பகலம் 6 மெகாஹேர்ட்ஸ்தான் உள்ள கூர்முனைகள், அதாவது அணுவின் கோடுகள், எழும். ஒரு கண்ணி உண்டு: இரண்டு உண்மைக் கோடுகளின் நடுவே பொய்க் கோடும் எழும். ருபீடியம்-87இல் மேல்கோட்டுக்கு 133 மெகாஹேர்ட்ஸ் கீழே இருப்பது அதுதான், உயரமாய் நின்று ஆளை ஏமாற்றும். லேசரை அதிலும் பூட்டி நிறுத்தலாம், எதில் பூட்டினாய் என்று தெரிந்திருந்தால் சரி.

அலைநீளமானி இலக்கம் சொல்லும். அதையும் ஒன்றோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். ஹோலுக்கும் ஹென்ஷுக்கும் 2005 நோபல் பரிசில் பங்கு வாங்கிக்கொடுத்த மீடிறன் சீப்பு, மீடிறன்களைச் சீப்புப் பல்லாய்ச் சம இடைவெளியில் அடுக்கி அளவுகோலாக்கும் கருவி, எங்கட கைக்கு எட்டாத சாமான்.

"கலத்தை எடு மனே," என்றேன். "மறுகா காசு வந்தா குழியையும் சேர். நடுக்கத்தைக் குழி பிடிக்கும், குழி நகர்ந்தா அணு திருத்தும். ஒண்டு மட்டும்: லேசர் டயோடை 20 பாகைக்குக் குளிர்த்தாதே. வாவிக் காத்து ஈரம், பெட்டிக்குள்ள தண்ணி கட்டும். 28இல வை. அலைநீளத்தைக் கிரேற்றிங்கை, அதான் அலைநீளத்தைத் தெரியுற வரித்தட்டை, திருப்பிச் சரிபண்ணு."