மழை வந்தால் திறக்காத இழுப்பறை

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு பழைய சைடுபோர்டை, அதாவது சாப்பாட்டு அறையில் பாத்திரமும் கரண்டியும் வைக்கும் நீள அலமாரியை, பார்த்து வைத்திருக்கிறாள் என் தோழி. கடைக்காரர் விலையை இறக்கிவிட்டாராம். வாங்கலாமா என்று கேட்கிறாள். எங்கள் வீட்டு சைடுபோர்டின் இழுப்பறையைத் தச்சர் நேற்றுதான் சரிசெய்து மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். அவருக்குக் கொடுத்த கூலி இன்னும் உறுத்திக்கொண்டிருக்கும் நேரத்தில் கேட்டுவிட்டாள். பதிலில் சூடு இருந்தால் பொறுத்துக்கொள்ளட்டும்.

எங்களுடையதும் செட்டிநாட்டு வீடு ஒன்றிலிருந்து வந்ததுதான். ஐந்தடி அகலம், மேலே ஒரே நீள இழுப்பறை, கீழே மூன்று கதவுகள், முதுகில் ரசம் போன கண்ணாடி. விற்றவர் இதற்கு நூற்றைம்பது வயது என்றார். உருட்டிவிட்ட மூலைகளையும் படிப்படியாக இறங்கும் கண்ணாடிச் சட்டத்தையும் பார்த்தாலே 1930-களின் ஆர்ட் டெக்கோ பாணி என்று தெரியும். நூறு ஆண்டு தாண்டினால்தான் 'ஆன்டிக்' என்பது இந்த வியாபாரத்தின் பொதுவான கணக்கு; அந்தக் கணக்கில் எங்களுடையது வெறும் 'விண்டேஜ்'. அதில் எனக்கு வருத்தமில்லை. 1942-இல் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போவதற்கு முன் பர்மாவிலிருந்து வந்து இறங்கிய தேக்கு என்பதே எனக்குப் போதும்.

வருத்தமெல்லாம் அந்த இழுப்பறைமேல்தான்.

ஐப்பசி பிறந்தால் அது திறக்காது. திறந்தால் மூடாது. நாங்கள் இருப்பது திருவான்மியூரில். கடற்காற்றும் அடைமழையும் சேர்ந்துகொள்ளும்போது வீட்டில் அப்பளமே நமத்துப்போகிறது, மரம் என்ன செய்யும்? மரம் நீளவாக்கில் அநேகமாக மாறுவதில்லை. ஈரத்தைக் குடித்தால் குறுக்குவாக்கில்தான் விரியும். அதனால் இழுப்பறையின் பக்கப் பலகைகள் உயரத்தில் கூடி, சட்டத்துக்குள் இறுகிவிடும். தேக்கு அதிகம் விரியாத மரமாயிற்றே என்று வாதாடிப் பார்த்தேன். தச்சர் இழுப்பறையைத் தரையில் கவிழ்த்து, பக்கப் பலகையை நகத்தால் கீறிக் காட்டினார். வெளிறிய, மெத்தென்ற மரம். "முகம் மட்டும்தான் அம்மா தேக்கு. உள்ளே மாமரம்." மர விஷயத்தில் விற்றவர் பொய் சொன்னார் என்று சொல்ல முடியாது. கண்ணுக்குத் தெரிகிற இடமெல்லாம் அசல் பர்மா தேக்குதான். வெளியே நல்ல மரம், உள்ளே மலிவான மரம் என்று செய்வது அந்தக் காலத்துத் தச்சர்கள் பல நாடுகளிலும் கடைப்பிடித்த சிக்கனம்.

ஆனால் விரிவது பாதிக் கதைதான். இழுப்பறை அகலமானது, ஆழம் குறைவு, கைப்பிடி இரண்டு. ஒரு கையால் ஒரு கைப்பிடியைப் பிடித்து இழுத்தால் கோணிக்கொண்டு ஒரு பக்கமாகச் சிக்கும். இரண்டு கையாலும் ஒரே அளவு விசையில் இழுக்க வேண்டும். இலை போட்டு விருந்தினர் உட்கார்ந்திருக்க, ஒரு கையில் சாம்பார் வாளியோடு நிற்கிறவளுக்கு இரண்டாவது கை எங்கிருந்து வரும்? உள்ளே பச்சைக் கம்பளித் துணி ஒட்டி, கத்தியும் முள்கரண்டியும் வைக்கத் தடுப்புகள் போட்டிருக்கிறார்கள். நம் குழிக்கரண்டி அந்தத் தடுப்பில் படுக்காது. காம்பு தூக்கிக்கொண்டு மேல்சட்டத்தில் இடிக்கும். துரைமார் மேசைக்குச் செய்த சாமானைச் செட்டியார் வீட்டில் எப்படிப் புழங்கினார்களோ, எனக்குப் புரியவில்லை. ஒருவேளை பார்ப்பதற்கு மட்டும் வைத்திருந்திருக்கலாம். அவர்கள் புத்திசாலிகள்.

மழைக்காலத்திலேயே தச்சரைக் கூப்பிட்டேன். வர மறுத்துவிட்டார். ஈரத்தில் ஊதியிருக்கும்போது இழைப்புளி போட்டால் சித்திரையில் இழுப்பறை லொடலொடவென்று ஆடும் என்பது அவர் வாதம். மாசியில் வந்தார். வந்து பார்த்துவிட்டு இழைப்பதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டார். பல்லாண்டு இழுத்து இழுத்துப் பக்கப் பலகைகளின் அடிவிளிம்பு வளைவாகத் தேய்ந்திருக்கிறது; அது ஓடுகிற உள்சட்டத்திலும் பள்ளம் விழுந்திருக்கிறது. அதனால் இழுப்பறை ஒரு பக்கம் இறங்கி ஓடுகிறது. அடிவிளிம்பைச் சமன் செய்து தேக்குச் சில்லு ஒட்டினார். பள்ளத்துக்கும் ஒரு பட்டை வைத்தார். மேல்விளிம்பில் இரண்டே இரண்டு சுருள் சீவினார். வெள்ளை மெழுகுவர்த்தியை அடியில் தேய்த்து உள்ளே தள்ளினார். போய் உட்கார்ந்தது. எண்ணெய் மட்டும் போடவே கூடாதாம். மரம் குடித்துவிட்டு மேலும் ஊதுமாம்.

இதே ஆள் கையோடு இன்னொரு வேலையும் செய்தார். அதைச் சொல்லாவிட்டால் நியாயமாகாது. மேல்பலகையில் யாரோ சூடான ரசப் பாத்திரத்தை வைத்துவிட்டு, வெள்ளையாக ஒரு வட்டம் விழுந்திருந்தது. முழுவதும் சுரண்டி மறுபடி பாலிஷ் போட வேண்டும் என்று நினைத்திருந்தேன். அவர் பஞ்சைத் துணியில் முடிந்து, ஸ்பிரிட்டில் லேசாக நனைத்து, வட்டத்தின்மேல் நில்லாமல் ஓட்டினார். காபி ஆறுவதற்குள் வட்டம் மறைந்துவிட்டது. பழைய பாலிஷ் அரக்கு. ஸ்பிரிட் பட்டால் இளகும், அடியில் சிக்கிய ஈரம் வெளியேறும், படலம் மறுபடி கூடிக்கொள்ளும். என் அண்ணி வீட்டு மெலமைன் பாலிஷ் அலமாரியில் விழுந்த கறை இன்னும் அப்படியே இருக்கிறது. அந்தப் பளபளப்பு கெட்டால் கெட்டதுதான், சுரண்டுவதைத் தவிர வழியில்லை. எங்கள் சைடுபோர்டின் மூட்டுகளும் அதன் அரக்குப் பாலிஷ் போலத்தான். பழைய வச்சிரத்தில், அதாவது விலங்குத் தோலைக் காய்ச்சி எடுத்த பசையில், ஒட்டியவை. வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் பிடி விடும், பலகை சேதமாகாமல் கழற்றி மறுபடி ஒட்டலாம். பழுது பார்க்க முடியும் என்று நினைத்தே செய்திருக்கிறார்கள். இன்று கடையில் அப்படி ஒரு சாமான் கிடைக்குமா?

உயரமும் அருமை. ஏறக்குறைய மூன்றரை அடி. நின்றுகொண்டே பரிமாற எடுக்கலாம், குனிய வேண்டாம். அறுபது தாண்டிய முதுகுக்கு இது சின்ன விஷயம் அல்ல. கண்ணாடியை மாற்றச் சொல்லிப் பலர் சொல்லிவிட்டார்கள், மாற்றப் போவதில்லை. அதில் முகம் கொஞ்சம் மங்கலாகத் தெரிவது எனக்கு வசதி.

ஆக, மரம் நல்லது, வேலைப்பாடு நல்லது, பாலிஷ் தங்கம். வாங்காதே என்பதுதான் என் பதில். ஐப்பசியிலிருந்து தை வரை சாப்பாட்டு நேரத்தில் கரண்டிக்காக மல்லுக்கட்டியவளிடம் கேட்டால் வேறு என்ன சொல்வேன்? வரும் மழைக்கு இழுப்பறை ஒழுங்காகத் திறந்தால் என் பேச்சை மாற்றிக்கொள்கிறேன்.

அதுவரை பொறுக்க மாட்டாள் என்று தெரியும். அப்படியானால் கண்ணாடியையும் கைப்பிடியையும் பார்த்து மயங்காமல், முதலில் இழுப்பறையை முழுதாக வெளியே உருவட்டும். பக்கப் பலகை என்ன மரம், அடிவிளிம்பு நேராக இருக்கிறதா, மாவுபோலத் தூள் உதிர்கிறதா என்று பார்க்கட்டும். தூள் உதிர்ந்தால் உள்ளே வண்டு உயிரோடு இருக்கக்கூடும். என்ன விலை சொன்னாலும் திரும்பிவிட வேண்டும். திருகாணித் தலையில் நேர்க்கோடு இல்லாமல் கூட்டல் குறி இருந்தால் அது பின்னால் யாரோ போட்டது. விலை பேச அது ஒரு பிடி. வீட்டுக்குக் கொண்டுவந்தபின் கரண்டிகளை மட்டும் அதில் வைக்க வேண்டாம்.